பிடிபட்ட ஆளை எடுக்கிற பட்டன்

கருப்பாயி மவுஸின் மேல் கையை வைத்தாள், வைத்த வேகத்திலேயே எடுத்தும்விட்டாள். இருபத்தெட்டு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை. முதல்நாள் வெட்டின பால் விரலிடுக்கில் காய்ந்து இழை இழையாய் உரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத அந்தப் புளித்த வாடை வேறு. அடுத்தவர் சாமானில் ஒட்டித் தொலைக்குமே என்று சேலையில் இன்னொரு தரம் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற நூரியா, "பரவால்ல அக்கா, புடிங்க. அது கடிக்காது" என்றாள். சொன்னவளுக்கும் சிரிப்பு வரவில்லை, கேட்டவளுக்கும் வரவில்லை.

எஹலியகொடையில் கடைத்தெருவுக்குப் பின்பக்கம் நூரியாவின் கடை. போட்டோ கொப்பி, டெலிபோன், கம்ப்யூட்டரில் கடிதம் அடித்துக் கொடுப்பது, அவ்வளவுதான். கருப்பாயியின் மகள் தர்மிளா மூன்று வருஷமாக அங்கேதான் வேலை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஷட்டர் முக்கால்வாசி இறக்கியிருந்தது. கருப்பாயி குனிந்துதான் உள்ளே வந்திருந்தாள்.

தர்மிளாவைப் பொலிஸ் கொண்டுபோய்ப் பதினொரு நாள். என்ன குற்றம் என்று கேட்டால், ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்ட நோட்டு. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுவாள். உளவாளி விளையாட்டு. நூரியாவின் புருஷன் கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் வாங்கி வைத்துவிட்டுப் போன சீடி. விளையாடினோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருந்திருக்கலாம். கொழும்பில் வருகிற ஒரு தமிழ்க் கம்ப்யூட்டர் பத்திரிகையில், உங்களுக்குத் தெரிந்த விளையாட்டின் நிறை குறைகளை எழுதி அனுப்புங்கள் என்று போட்டிருந்தார்கள். தன் பெயரை அச்சில் பார்க்க இவளுக்கு ஆசை. கொப்பியின் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் நிறை, மறுபக்கம் குறை என்று அழகான கையெழுத்தில் எழுதத் தொடங்கினாள். 'பூ விற்கிற பெண்ணை யாரும் சோதிப்பதில்லை. அவள் மூலம் கடிதம் கடத்துவது சுலபம்' என்பது நிறை. 'ரயில் நிலையத்தின் பின்வாசலில் காவல் இல்லை. இது நம்பும்படி இல்லை' என்பது குறை.

சண்டை உச்சத்தில் இருந்த இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்தில் ஒரு தமிழ்ப் பெண் தலையணைக்கடியில் வைத்திருக்கக்கூடிய எழுத்தா அது? தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை, சுற்றி வளைத்துத் தேடியபோது கொப்பி அகப்பட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருத்தரைக் கூப்பிட்டு, சிங்களத்தில் சொல்லச் சொன்னார்கள். அவர் பேரிலும் பிழை இல்லை. எழுதியிருந்ததைத்தான் சொன்னார்.

மறுநாள் ஜீப்பில் வந்து நூரியாவிடம் கேட்டிருக்கிறார்கள், இப்படியொரு விளையாட்டு உன் கடையில் இருக்கிறதா என்று. நூரியா இல்லை என்றுவிட்டாள். புருஷன் கடல் கடந்து இருக்கிறான், மூன்று குழந்தைகள், கடையில் இருக்கிற சீடி எல்லாம் கள்ளக் கொப்பி, ஊர் கிடக்கிற கிடையோ சொல்லவே வேண்டாம். வாய் தன்பாட்டில் இல்லை என்றது, கை தன்பாட்டில் கையெழுத்துப் போட்டது. எட்டாம் நாள் லயத்துக்கே ஏறி வந்து இதை அவளாகத்தான் கருப்பாயியிடம் சொன்னாள். கருப்பாயி அவளைத் திட்டவில்லை. திட்டினால் இருக்கிற ஒரு வழியும் அடைபட்டுப் போகுமே.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனுஷன் என்று சொல்லமுடியாது. வயதானவர், களைத்த முகம். தினமும் பொலிஸ் வாசலில் வந்து நின்ற கருப்பாயியைப் பார்த்து, கடைசியில் ஒருநாள் உள்ளே கூப்பிட்டார். விளையாட்டு என்கிறாய், பந்து இல்லை, சீட்டுக்கட்டு இல்லை, இது என்ன விளையாட்டு என்று எனக்கு விளங்க வை. திங்கட்கிழமை காலை வரைக்கும் பார்ப்பேன், பின்னேரம் கொழும்பிலிருந்து வேன் வரும் என்றார். கொழும்புக்குப் போய்விட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் கருப்பாயிக்கு ஒரு தைரியம் இருந்தது. சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிராமத்துப் பெண்களோடு ஒரே ஆற்றில் குளித்து வளர்ந்தவள். நல்ல சிங்களத்தில் நிதானமாகச் சொன்னால் விளங்காத மனுஷனும் உண்டா என்று நினைத்தாள். அதற்குத்தான் இப்போது மவுஸைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரு நகரம், கட்டம் கட்டமாக. அதில் இவளுக்கு நான்கு ஆட்கள். ஆளுக்கு மூன்று கட்டம் நகர்த்தலாம். நகர்த்தி முடித்து ஓரத்துப் பட்டனை அழுத்தினால் எதிரியின் முறை. அவன் நகர்ந்து முடியும்வரை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். இந்த இடம் படித்தவர்களுக்கே குழப்புமாம். கருப்பாயிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"நம்ம மரம் மாதிரிதான். இன்னிக்கி நாம வெட்டுனா நாளைக்கி வெட்டக் கூடாது. நாளைக்கி மரத்தோட முறை" என்றாள்.

நூரியா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். அதன்பிறகு மளமளவென்று போனது. அவசரப்படுத்தாத விளையாட்டு, நாள் முழுக்க யோசித்தாலும் காத்திருக்கும், அது நிறை. காவல்காரனுக்கு நேரே இருக்கிற கட்டம்தான் தெரியும், பக்கத்தில் நின்றால் தெரியாது, அது குறை. கருப்பாயி எல்லாவற்றையும் சிங்களத்தில் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு இடத்தில் இரண்டு காவல்காரர்களுக்கு நடுவில் பூக்காரியை நுழைத்துக் கொண்டுபோய் விட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அங்கே பிள்ளை எப்படிக் கிடக்கிறதோ, இங்கே பெற்றவளுக்குச் சிரிப்பு.

அடுத்த முறையில் பூக்காரி பிடிபட்டாள். அவள் முகத்தின் மேல் கம்பிக்கதவு மாதிரி ஒரு படம் வந்து விழுந்தது.

"இவள எப்புடி வெளிய எடுக்குறது தங்கச்சி?"

நூரியா அந்தக் கம்பிப் படத்தை விரலால் தொட்டாள். "எடுக்க ஏலா அக்கா. அதுக்கு பட்டன் ஒண்டும் இல்ல. வேற ஆளொண்டு தருவாங்க, அத வெச்சி மிச்சத்த ஆடோணும்."

"அப்ப இவ?"

"இவ அப்பிடியே உள்ளுக்கு ஈப்பா. தர்மிளாவும் அதத்தான் பெரிய கொறையெண்டு எழுதின."

கருப்பாயி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், சீடியைத் தந்தால் அந்த இன்ஸ்பெக்டர் மாத்தயாவிடமே காட்டிவிடலாமே என்று. நூரியா மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தது நான்தானே, சீடி போனால் பின்னாலேயே நானும் போகவேண்டும் என்றாள். "ஒங்களுக்கு வெளங்கினத செல்லுங்க. என்ட பேர மட்டும் செல்ல வாணாம் அக்கா." கருப்பாயி சரி என்றாள். அந்த நேரம் மனசோடுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் நின்று அவள் சொன்ன மாதிரி அந்தப் பொலிசில் யாரும் எதையும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் கொடுத்த தாளில் கட்டம் போட்டாள், மேசையில் கிடந்த குண்டூசிகளை ஆட்களாக வைத்து நகர்த்திக் காட்டினாள். காவல்காரன் எத்தனை முறைக்கு ஒருதரம் திரும்புவான், பூக்காரி எங்கே நிற்கலாம், கடிதம் எப்படிக் கை மாறும், எல்லாம். எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிளும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் பதில் இருந்தது. கருப்பாயிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்னேர பஸ்ஸுக்கே போய்விடலாம் போல இருந்தது.

அப்போது அவர் கேட்டார், இவ்வளவும் நீ எங்கே படித்தாய் என்று.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. லயத்தில் கம்ப்யூட்டர் இல்லை, நான் வந்து பார்த்தேன். கடைக்காரி அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்திருக்கிறாள். உனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? கான்ஸ்டபிள் தன் மேசைக்குத் திரும்பிப் போய்ப் பேனாவை எடுத்தான். தாளில் தான் போட்ட கட்டங்களைக் கருப்பாயி பார்த்தாள். கடை இல்லாவிட்டால் இது விளையாட்டு இல்லை, உளவு. கடை இல்லாவிட்டால், இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தது நேற்றுவரை மகள் ஒருத்தி, இப்போது தாயும் ஒருத்தி. இந்தக் கட்டிடத்தில் எந்தச் சுவருக்குப் பின்னால் தர்மிளா இருக்கிறாள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. நூரியாவின் மூன்று குழந்தைகளையும் ஒருதரம் நினைத்தாள். நினைக்காமல் சொன்னாள் என்று யாரும் சொல்லக்கூடாது.

"நூரியா கடையில மாத்தயா" என்றாள் சிங்களத்தில்.

ஜீப் போனது. வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மத்தியானம் தாண்டி ஜீப் திரும்பியபோது கான்ஸ்டபிள் கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தான். அவனுக்குப் பின்னால் நூரியா, இடுப்பில் கடைசிக் குழந்தையோடு. உட்கார வேறு பெஞ்ச் இல்லை. ஒரு ஆள் இடைவெளி விட்டு அவளும் அதிலேயே உட்கார்ந்தாள். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், காறித் துப்பட்டும் என்று கருப்பாயி காத்திருந்தாள்.

நூரியா திரும்பவே இல்லை. குழந்தையின் தலைக்கு மேலாக, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சீடிய நேத்தே ஒடச்சிட்டேன் அக்கா. நீங்க அங்கால போன ஒடனே. கம்ப்யூட்டர்லயும் அழிச்சாச்சி. இனி ஒண்டும் இல்ல."

கருப்பாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள், இருவரையும்.

மேசையில் கம்ப்யூட்டரைப் பொருத்தி வைத்திருந்தார்கள். கான்ஸ்டபிள் சுவிட்சைப் போட்டான். உறுமிக்கொண்டு வந்த திரையில் நீல வானம், வெள்ளை மேகம், கீழே வழவழவென்று ஒரு பச்சை மேடு. பார்க்கப் பார்க்க அழகாய்த்தான் இருந்தது. வெட்ட ஒரு மரம் இல்லை, ஒதுங்க ஒரு கல் இல்லை, ஒரு ஜீவன் இல்லை. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மவுஸின் மேல் கையை வைத்தார். கொழும்பு வேனோ என்னவோ, வெளியே ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சின்ன வெள்ளை அம்பு ஒன்று அந்தப் பச்சை மேட்டின் மேல் ஏறி, இறங்கி, மறுபடி மெதுவாக ஏறத் தொடங்கியது.