ஏரிக்கரையில் ஒன்பதாம் எண்

காலை எட்டு மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தலை நிமிர நேரமிருக்காது. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் பசிக்கெல்லாம் ஊசி போடுகிறவள்தான் காரணம் என்பதுபோல் முறைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கால் மணி நேரம் காணாமல் போவதற்காகச் சின்னவள், உடன் வேலை செய்கிறவளுக்குத் தன்னுடைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தாரை வார்த்திருந்தாள். வயது நாற்பத்திரண்டு ஆகியும் வீட்டில் அவள் பெயர் அதுதான். அண்ணன் பெரியவன், அவள் சின்னவள்.

ஏரிக்கரை முகாமுக்கு மூன்று மாதம் முன்னதாகவே இடம் பிடிக்க வேண்டும். காட்டுக்குள் மொத்தம் அறுபது இடங்கள். எட்டு மணிக்குத் திறந்தால் எட்டு ஐந்துக்குள் நல்லதெல்லாம் பறந்துவிடும். சின்னவளுக்கு வேண்டியது ஒரே ஒரு இடம், எண் ஒன்பது. பத்து நாள் முன்பே முகாம் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து விசாரித்து வைத்திருந்தாள்.

"முட்டி ஆபரேஷன் பண்ணின அம்மா ஒருத்தங்க வர்றாங்க. தண்ணி வரைக்கும் அவங்களே நடந்து போகணும். எந்த இடம் சரிப்படும்?"

"ஒம்பது மட்டும்தாம்மா," என்றார் அங்கிருந்தவர். "அது ஒண்ணுதான் சமதரை. நாப்பது அடி எடுத்து வெச்சா தண்ணி வந்துடும். கைப்பிடி வெச்ச பாத்ரூமும் பின்னாடியே இருக்கு. மத்த இடத்துக்கெல்லாம் படி ஏறணும்."

கூடத்தின் பின்னறையில், ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே, தன் கைபேசியை ஒரு கையிலும் கணவனுடையதை மறு கையிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எட்டு இரண்டுக்கு ஒன்பதாம் எண் அவள் பெயருக்கு விழுந்தது. மூன்று நாள், ஆறு பேர். அவள், கணவன், அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், அம்மா. பின்னறையிலேயே ஒரு குதி குதித்துவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு ஊசி போடப் போனாள்.

இத்தனை பாடும் அம்மாவுக்காகத்தான். அம்மா முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். விடுமுறைக்கு வந்தவர்கள் கசக்கிப் போட்ட விரிப்புகளை வெளுத்து, மடித்து, அடுத்து வருகிறவர்களுக்கு அனுப்பிவைத்தாளே தவிர, தான் ஒரு விடுமுறைக்கும் போனதில்லை. மூட்டு மாற்றிய பிறகு நடைப்பயிற்சி சொல்லித்தர வந்த பெண், "எங்கே நடந்து போகணும்னு ஆசைம்மா?" என்று கேட்டாள். அம்மா யோசிக்கவேயில்லை. "ஒரு ஏரியில போய்க் காலை நனைக்கணும்" என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அடுக்குமாடியின் நடைவழியில் நான்கு கால் கைத்தாங்கியோடு புறப்பட்டுவிடுவாள். முதல் வாரம் பக்கத்து வீட்டுக் கதவு வரை. இரண்டாம் மாதம் மின்தூக்கி வரை. அதற்கப்புறம் கைத்தாங்கி மூலைக்குப் போய், ஊன்றுகோல் வந்தது. அண்ணன் வீட்டில்தான் அம்மா இருந்தாள். ஆனால் அம்மா எத்தனை கதவு தாண்டினாள் என்ற கணக்கு தினமும் சின்னவளுக்குத்தான் ஃபோனில் வரும்.

திட்டம் வேகமாக வளர்ந்தது. தரையில் படுத்தால் அம்மாவால் எழுந்திருக்க முடியாது என்பதால், குளிர்பெட்டி பழுதுபார்க்கும் சின்னவளின் கணவன் மடக்குக் கட்டிலின் கால்களுக்குக் குழாய் வைத்து ஒரு சாண் உயர்த்தினான். உயரமான மடக்கு நாற்காலி ஒன்றைச் சின்னவள் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கினாள். எல்லாவற்றுக்கும் அண்ணன் குடும்பக் குழுவில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவன் செய்த வேலை அந்தக் கட்டைவிரல்தான்.

புறப்பட இரண்டு வாரம் இருந்தபோது, சின்னவள் ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த கைபேசி ஒளிர்ந்தது. அண்ணனின் செய்தி.

"சின்ன மாற்றம். நமக்கு 41ஆம் இடம். மலைமேல, வியூ பிரமாதமா இருக்கும். 9ஐ என் மேனேஜர் குடும்பத்துக்குக் கொடுத்தாச்சு. அம்மா வரல, அவங்களே சொல்லிட்டாங்க. சின்னவளே, புக்கிங் உன் பேர்ல இருக்கறதால ஆபீசுக்கு ஒரு ஃபோன் போட்டு மாத்திக்கிறோம்னு மட்டும் சொல்லிடு."

இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறையும்.

"ஏம்மா," என்றார் நாற்காலியில் இருந்தவர். "என் கை ஊதா நிறமாயிடுச்சு."

பட்டையை அவிழ்த்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி கட்டினாள். பதினேழு வருடத்தில் முதல்முறையாக நரம்பு தவறியது. அவர் தானாகவே மறு கையை நீட்டியது இன்னும் அவமானமாக இருந்தது.

மதியம் படிக்கட்டில் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள்.

"யாரைக் கேட்டு இடத்தைத் தூக்கிக் கொடுத்தே?"

"இரு, இரு. எடுத்ததுமே பாயாதே. அம்மாவே வரலைன்னுட்டா. அப்புறம் ஒம்பதுல என்ன இருக்கு? எங்க மேனேஜருக்கு நாப்பத்தொண்ணுதான் கிடைச்சுதாம். பாவம், சின்னப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு..."

"அம்மா தானா சொன்னாளா, நீ சொல்ல வெச்சியா?"

"என்ன பேச்சு இது? போலீஸ் மாதிரி கேக்கறே. ஒரு டென்ட் போடற இடம், அவ்ளோதானே. அடுத்த மாசம் எங்க ஆபீஸ்ல ஆள் மாத்தறாங்க, எல்லாம் மேனேஜர் கையிலதான் இருக்கு. உனக்கு அதெல்லாம் புரியாது. ஊசி குத்தினோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இருக்கறவ நீ."

சின்னவள் ஃபோனை வைத்தாள். வாயில் வந்த வார்த்தைகள் எதுவும் மருத்துவமனைப் படிக்கட்டில் சொல்லக்கூடியவை அல்ல.

வேலை முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அம்மா அறையில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாகக் கதவருகே தயாராக நின்ற பை காலியாகி, மடிந்து, அலமாரிக்கு மேல் போயிருந்தது. இன்றைக்கு நடக்கப் போகவில்லை என்பது அம்மா சொல்லாமலே தெரிந்தது.

"ஏம்மா வரலைன்னு சொன்னே?"

"எனக்கே தோணுச்சுடி. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் பாரமா எதுக்கு? நீங்க போய்ட்டு வாங்க. படம் எடுத்துட்டு வந்து காட்டுங்க, போதும்."

"உனக்கே தோணுச்சா? நேத்து ராத்திரி வரைக்கும் இருபது கதவுன்னு சொன்னவதானே நீ?"

அம்மா புடவைத் தலைப்பை நீவினாள். "நூறு படிக்கு மேல ஏறணுமாமே. பெரியவன் சொன்னான். என்னைத் தூக்கிக்கிட்டா ஏற முடியும்?"

"ஒம்பதுல ஏது படி?"

"அந்த ஒம்பதுதான் கிடைக்கலையாமே," என்றாள் அம்மா.

சின்னவள் கைப்பையைத் துழாவி, அச்செடுத்து வைத்திருந்த பதிவுச் சீட்டை அம்மா மடியில் விரித்தாள். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினாள். ஒன்பது என்ற எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

"இது எப்போ எடுத்தது?"

"மூணு மாசம் ஆகப்போகுது. அன்னிக்கே அவனுக்கு அனுப்பிட்டேன்."

"கிடைக்கலைன்னு சொன்னானே," என்றாள் அம்மா மறுபடியும். இந்த முறை சின்னவளிடம் சொல்லவில்லை. சீட்டைப் பார்த்துச் சொன்னாள். அழுவாள் என்று சின்னவள் நினைத்தாள். அம்மா அழவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து கூடத்துக்குப் போய், வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆறரை மணிக்கு அண்ணன் வந்தான். ஓடுகள் விற்கும் நிறுவனத்தில் அவன் விற்பனைப் பிரிவு. எதையும் யார் தலையிலும் கட்டிவிடும் வாய். தங்கையைப் பார்த்ததும் சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டான்.

"அட, நீயே வந்துட்டியா? ஆபீசுக்கு ஃபோன் போட்டியா?"

"ஒம்பது கிடைக்கலைன்னு அம்மாகிட்ட சொன்னியா?"

சிரிப்பு அங்கேயே நின்றது. "அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது. இல்லைன்னா அம்மா மனசு சங்கடப்படும்னு..."

"அம்மா மனசு சங்கடப்படக் கூடாதுன்னு அம்மாவையே கழட்டி விட்டியா? ரொம்ப நல்லா இருக்கு. நாலு மாசமா இந்த நடைவழியில அவ உயிரைக் குடுத்து நடந்தது யாருக்காக? உன் மேனேஜர் சாஞ்சு உக்காந்து தண்ணியைப் பாக்கறதுக்கா?"

"நான் வாக்குக் கொடுத்துட்டேன். இப்போ போய் இல்லைன்னு சொன்னா என் மரியாதை என்ன ஆறது?"

"உன் மரியாதையை என் சீட்டுல வெச்சு ஏன் கொடுத்தே? அந்த மேனேஜர் அம்மா நம்பரைக் குடு. நானே பேசறேன்."

"பைத்தியமா உனக்கு? அதெல்லாம் தர முடியாது."

சமையலறை வாசலில் நின்றிருந்த அண்ணி, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "என்கிட்ட இருக்கு," என்றாள். "அத்தை பையைக் காலையில நான்தான் மேல எடுத்து வெச்சேன். தப்புன்னு தெரிஞ்சே வெச்சேன். இந்தா, எழுதிக்கோ." கணவனின் முறைப்பைப் பார்த்தும் பார்க்காதவள் போல ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.

சின்னவள் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, ஃபோனை மேசைமேல் வைத்தாள். மறுமுனையில் மேலாளர் எடுத்தார். பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம்.

"மேடம், நான் உங்க ஆபீஸ்ல இருக்கறவரோட தங்கச்சி. ஏரிக்கரை இடம் விஷயமாப் பேசறேன். அது எங்க அம்மாவுக்காக எடுத்த இடம்."

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றார் மேலாளர் பதறி. "ரொம்ப முடியலை, படுத்த படுக்கையா இருக்காங்கன்னு சொன்னாரே. இடம் வீணாப் போகுது, எடுத்துக்குங்கன்னு அவர்தான் மூணு தடவை வந்து சொன்னார். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எங்க பசங்களுக்குப் படி ஏறி இறங்கறதுதான் விளையாட்டே."

அவனிடம் யாரும் இடம் கேட்கவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் கையில், பெற்ற தாயைப் படுக்கையில் தள்ளிவிட்டு, அந்த நாற்பது அடியைத் திணித்திருக்கிறான். நிர்ப்பந்தத்தில் செய்திருப்பான் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு சமாதானத்தை விட்டுவைத்திருந்தாள் சின்னவள். அதுவும் போயிற்று.

அம்மா மேசைப் பக்கம் குனிந்தாள். "நான் அவனோட அம்மா பேசறேன். நான் படுத்திருக்கலை. இருபது கதவு நடக்கறேன். ஏரிக்கு நான் போறேன்."

"கட்டாயம் போங்கம்மா. மன்னிச்சுக்குங்க, எனக்குத் தெரியாது," என்றார் மேலாளர். அவர் குரலில் இருந்த வெட்கம் அண்ணன் முகத்தில் வரவேண்டியது.

ஃபோன் அணைந்தது. அண்ணன், "இனிமே நான் ஆபீஸ்ல எப்படித் தலை காட்டறது?" என்றான்.

"காட்டாதே," என்றாள் அம்மா.

புறப்பட்ட வெள்ளிக்கிழமை அண்ணன் வரவில்லை. வேலை இருக்கிறதாம். மற்ற ஐந்து பேரும் வேனில் போனார்கள். மரங்களுக்கு நடுவே வண்டி வளைந்து வளைந்து இறங்க, சட்டென்று ஏரி தெரிந்தபோது, அம்மா "அம்மாடி" என்று மட்டும் சொன்னாள். சின்னவளின் கணவன் கட்டிலை முதலில் இறக்கினான். கூடாரம் மூன்று தடவை சரிந்து, நான்காம் தடவை நின்றது.

மறுநாள் விடிந்ததும் அம்மா புறப்பட்டாள். சின்னவள் கூடவே நடந்தாள், தொடாமல். வேர்கள் இருந்த இடத்தில் அம்மா நின்று, பார்த்து, கோலை ஊன்றி, தாண்டினாள். முகாம்காரர் சொன்ன நாற்பது அடி அம்மாவின் காலுக்கு எழுபத்தாறு ஆயிற்று. தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் அவளுக்கு மூச்சு அடைத்தது. "என்னடி இப்படிக் குளிருது!" என்று கத்தினாள். கத்திவிட்டுச் சிரித்தாள். அண்ணியும் அவள் மகளும் கூடாரத்திலிருந்து போர்வையோடு ஓடிவந்தார்கள்.

அண்ணன் மத்தியானம் வந்துசேர்ந்தான், இரண்டு கை நிறைய ரொட்டியும் பழமுமாக. யாரும் வாங்கிக்கொள்ளாததால் தானே மேசைமேல் வைத்தான்.

"தண்ணிக்குப் போனியாம்மா?"

"போயாச்சு."

"இன்னொரு தடவை நடந்து காட்டேன். ஒரு படம் எடுத்துக்கறேன்."

"கால் வலிக்குது," என்றாள் அம்மா. காலை நேரத்துக்கு அப்புறம் இரண்டு முறை போய்வந்தவள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் சின்னவளிடம் வந்தான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "தப்புதான். மன்னிச்சுடு."

"என்கிட்ட எதுக்குச் சொல்றே? பொய் சொன்னது அவகிட்ட. படுக்கையில தள்ளினது அவளை."

அவன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தான். பேசியது கேட்கவில்லை. தலை குனிந்திருந்தது மட்டும் தெரிந்தது. அம்மா ஏரியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

சின்னவள் கையிலிருந்த பாத்திரத்தை ஓங்கி வைத்தாள்.

"மெதுவா," என்றான் கணவன்.

"நாலு மாசம் நடந்தவ, நாலு நாள் பேசாம இருக்கக் கூடாதா?" என்றாள் அவள். "சாப்பிட்டியாவாம்!"

மிச்சப் பாத்திரங்களையும் அதே சத்தத்தோடுதான் கழுவி முடித்தாள். அண்ணனோடு அவள் பேச இன்னும் ஒரு மாதம் பிடித்தது.