தயிர் சாதம் தின்ற விரல்

புரட்டாசி பிறந்ததும் எங்கள் நாய் பெருமாள் பக்தனாகிவிட்டது. நாயிடம் யாரும் கேட்கவில்லை. அம்மாதான் கோயிலில் துளசி மாலை கட்டும் கூட்டத்தில் அறிவித்தாள்: "எங்க கோப்பிகூட இந்த மாசம் சுத்த சைவம் லா."

கூட்டம் உருகிப்போனது. அதற்குத் தலைவி மாதிரி இருப்பவர் மங்களம் ஆன்ட்டி. ஃபேரர் பார்க்கில் எங்களுக்கு அடுத்த புளோக். அம்மாவை என் பெயரைச் சேர்த்தே கூப்பிடுகிறவர், சொன்னாராம்: "போன ஜென்மத்துல பெரிய ஆச்சாரியனா இருந்திருக்கும், ரோஷினிம்மா."

அம்மா இதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது ஆச்சாரியன் தன் பின்பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தார்.

கோப்பி கறுப்பு. வீவக என்னும் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள சின்ன ஜாதி. இரண்டு மாதங்களுக்கு முன் வடிகால் மூடியின் கம்பியில் மாட்டி, முன்னங்காலில் ஒரு நகம் வேரோடு பிய்ந்துபோனது. புண் ஆறியது, வீங்கியது, மறுபடி ஆறியது, மறுபடி சீழ் வைத்தது. கடைசியில் செம்பவாங்கில் இருக்கும் கால்நடை மருத்துவர் வினுஷா எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். மற்ற விரல் எலும்புகள் வெள்ளையாக, மழமழவென்று இருந்தன. நகம் போன விரலின் எலும்பு மட்டும் கரையான் தின்ற பென்சில் போலிருந்தது. எவ்வளவு சின்ன எலும்பு. ஒரு கிருமிக் கூட்டம் அதற்குள் குடியேறி, சுவரைச் சுரண்டித் தின்றபடி குடித்தனம் நடத்துகிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

"எலும்புக்குள்ள மருந்து போய்ச் சேர நாளாகும் ஆன்ட்டி," என்றார் டாக்டர். "மேல நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடக் கூடாது. ஒரு வேளைகூட மிஸ் ஆகக் கூடாது. அப்புறம், பாலோட குடுக்காதீங்க."

அம்மா தலையாட்டினாள். அம்மா டாக்டர்கள் முன்னால் எப்போதும் நன்றாகத் தலையாட்டுவாள்.

வேகவைத்த கோழித் துண்டைக் கிழித்து, உள்ளே மாத்திரையை வைத்துக் கொடுத்தோம். கோப்பி மெல்லாமல் விழுங்கியது. வீக்கம் வடிந்தது. தூக்கியே வைத்திருந்த காலை ஊன்ற ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் புரட்டாசி வந்தது.

எங்கள் வீட்டுப் புரட்டாசி ஒரு போர் நடவடிக்கை. குளிர்பெட்டியில் இருந்த கோழி முழுவதும் கீழ்மாடி நெய்னா முகம்மது அங்கிளுக்குப் போனது. சட்டிகள் கொதிநீரில் முங்கின. "கோப்பிக்கு?" என்று கேட்டேன். "அதுவும் இந்த வீட்டு ஆளுதானே," என்றாள் அம்மா. அன்றிலிருந்து மாத்திரை தயிர் சாத உருண்டைக்குள் போனது. தாளிக்காத, குழைய மசித்த, கெட்டித் தயிர் சாதம். கோப்பி தட்டையும் சேர்த்து நக்கியது.

"பாத்தியா, கோழிய விட ஆசையா சாப்பிடுது."

"அது செருப்பைக்கூட ஆசையாத்தான் சாப்பிடும்மா."

மங்களம் ஆன்ட்டி துளசியோடு நேரில் வந்து தரிசனம் செய்துவிட்டுப் போனார். கோப்பி துளசியை முகர்ந்து பார்த்துத் தும்மியது. அதையும் நல்ல சகுனம் என்றார்கள்.

பிறகு விரல் மறுபடி வீங்கியது. முதலில் சிவப்பு, அப்புறம் ஊதா, அப்புறம் அந்த நாற்றம். மங்களம் ஆன்ட்டியிடம் உடனே விளக்கம் இருந்தது. "அந்த மருந்து ரொம்ப சூடு லா. தயிரைக் கூட்டிப் போடு, உடம்பு குளிர்ந்தா வீக்கம் வத்திடும்." அம்மா தயிரைக் கூட்டினாள். விரல் இன்னும் வீங்கியது. கோப்பி மறுபடி மூன்று காலில் நடந்தது.

செம்பவாங்குக்கு டாக்சி பிடித்தோம். புதுப் படத்தில் பென்சில் பாதியாகத் தேய்ந்திருந்தது. டாக்டர் வினுஷா அதையும் பழைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மாத்திரை ஒழுங்காக் குடுக்குறீங்களா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வேளை தவறல. நானே என் கையால ஊட்டுறேன்."

"எதுல வச்சு?"

"தயிர் சாதத்துல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆன்ட்டி, பாலோட வேணாம்னு சொன்னேன்ல?"

"பால் ஒரு சொட்டு குடுக்கலையே," என்றாள் அம்மா. "தயிர் வேற."

உண்மையாகவே நம்பித்தான் சொன்னாள். எங்கள் சமையலறையில் பாலும் தயிரும் ஒரே அடுக்கில்கூட இருப்பதில்லை. பால் காப்பிக்கு. தயிர் வயிற்றுக்கு, வெயிலுக்கு, அம்மைக்கு, கோபத்துக்கு. தயிர் தவறு செய்யும் என்று எங்கள் வம்சத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"பால்ல இருக்கறதுதான் தயிர்லயும் இருக்கு. அது இந்த மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புக்குள்ள போக விடாது. நீங்க இத்தனை நாளும் மருந்தை நாய்க்குக் குடுக்கல ஆன்ட்டி. தயிருக்குக் குடுத்திருக்கீங்க." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "விரல் தப்புமான்னு தெரியல. ஆனா கிருமி மேல ஏறிட்டா பேச்சு விரலைப் பத்தி இருக்காது. காலைப் பத்தி இருக்கும். அடுத்த வாரம் மறுபடி படம் எடுப்போம். அதுவரைக்கும் மருந்து உள்ள போகணும்."

திரும்பும் வழியெல்லாம் அம்மா மருந்துச் சீட்டையே படித்துக்கொண்டு வந்தாள். கோப்பி அவள் மடியில் கிடந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, "மங்களம் அக்காகிட்ட என்ன சொல்றது?" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் உருளைக்கிழங்கில் வைத்தோம். கோப்பி கிழங்கைத் தின்று மாத்திரையைத் துப்பியது. வாழைப்பழம், இட்லி, கேசரி. எல்லாவற்றிலிருந்தும் மாத்திரை சுத்தமாக வெளியே வந்து தரையில் கிடந்தது. வாயைப் பிளந்து போட்டதில் என் கட்டைவிரல் கிழிந்தது. கடைசியில் நான் போய்க் கோழி வாங்கி வந்தேன். "வீட்டுக்குள்ள வேணாம்," என்றாள் அம்மா. ஆகவே புளோக்கின் அடியில், தூண்கள் மட்டும் நிற்கும் வெற்றுத் தளத்தில், கல் மேசைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் கள்ளக்கடத்தல்காரர்கள் போல் நின்று ஒரு நாய்க்குக் கோழி ஊட்டினோம். அம்மா கைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள்.

மங்களம் ஆன்ட்டி அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போவார். அது அம்மாவுக்குத் தெரியும். தீட்டுப் பயம் அறிவை எங்கே விட்டு வைக்கிறது?

அன்று மாலை அவர் நெற்றியில் நாமத்தோடு வந்து நின்றார். கோழி இருந்த டப்பாவைப் பார்த்தார். உறை போட்ட கையைப் பார்த்தார்.

"என்ன இது, ரோஷினிம்மா?"

"மருந்து குடுக்குறேன்க்கா. டாக்டர் சொன்னாங்க."

"டாக்டருக்கு விரதத்தைப் பத்தி என்ன தெரியும்? பாதி மாசம் இருந்துட்டு இப்ப முறிக்கிறியே. பாவம் அந்த ஜீவன்." கோப்பி அவரைக் கவனிக்கவில்லை. அம்மாவின் விரல்களுக்கு நடுவில் இருந்த துண்டையே பார்த்தபடி, வீங்கிய காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "கடைசி சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க லா. அப்புறம் ஒரு முழுக்கோழியே குடு, யாரு கேக்கப் போறா? கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். என் முகத்துல கரியைப் பூசாத."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவள் கை டப்பாவின் மேலேயே நின்றது. போட்டுவிடப் போகிறாள், துண்டைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு மூடப் போகிறாள் என்று நினைத்தேன். இருபது வருடமாக மாலை கட்டும் கூட்டம் அது. அம்மாவுக்கு வேறு கூட்டம் கிடையாது.

"பொறுத்தா எலும்பு பொறுக்காதுக்கா," என்றாள் அம்மா. குனிந்து துண்டைக் கோப்பியின் வாயில் வைத்தாள். உள்ளே போகும்வரை தொண்டையைத் தடவிக்கொடுத்தாள்.

மங்களம் ஆன்ட்டி கைப்பேசியை எடுத்தபடி நடந்தார். அவர் கோயில் வாசலை அடையும் முன்பே செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்த வாரப் படத்தில் விரல் எலும்பில் மிச்சம் எதுவும் இல்லை. "விரல எடுத்துடணும்," என்றார் டாக்டர் வினுஷா. "ஆனா மேல ஏறல. இந்த ஒரு வாரம் மருந்து உள்ள போனதால நின்னுடுச்சு. கால் இருக்கும்."

கோப்பியை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் கைப்பேசி சிணுங்கியது. கோயில் குழுவில் மங்களம் ஆன்ட்டியின் குரல் பதிவு: விரதத்தைப் பாதியில் முறித்ததற்குப் பெருமாள் விரலை எடுத்துக்கொண்டாராம், இனியாவது எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். அறுவை சிகிச்சை நடப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அம்மாதான் சற்றுமுன் வேண்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருப்பாள்.

கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. ஆச்சாரியன் எப்படி இருக்கிறார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

நான் மனதுக்குள் ஒரு பதில் தயாரிக்க ஆரம்பித்தேன். பெருமாளுக்கு நாய் விரல் எதற்கு என்று தொடங்கி, அது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அம்மா கைப்பேசியை வாய்க்கு அருகே கொண்டுபோய், அதே குழுவில் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"மங்களம் அக்கா, விரல் விரதத்தால போகல. தயிரால போச்சு. நான்தான் ஊட்டினேன், நீங்கதான் கூட்டிப் போடச் சொன்னீங்க. கோழி குடுத்ததால கால் மிஞ்சியிருக்கு. வச்சிடுறேன், உள்ள கூப்பிடுறாங்க."

உள்ளே யாரும் கூப்பிடவில்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.