முனி பங்கு

மெழுகு எடுப்பது அவசரக்காரிக்கு ஆகிற வேலையில்லை. தேன் பிழிந்த அடையைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டு, கொதிக்க விடாமல் உருக்கி, பழைய சேலைத் துணியில் வடிகட்டி ஆறவிட வேண்டும். மெழுகு மேலே மிதந்து இறுகும். அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டிவிட்டு மறுபடி உருக்க வேண்டும். கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்து ரெங்கம்மாவுக்கு இது கைவந்த வேலை. அடையைக் காட்டிலிருந்து கொண்டுவருகிறவன் அவள் தம்பி பிச்சைமுத்து. பெரகலையில் செருப்புத் தைக்கும் ஜுனைதீன் நானாவுக்கு, நூலில் பூச என்று சொல்லி மெழுகை வாங்கிப்போவான்.

காட்டு அடைக்குச் சொந்தக்காரர் காவல்சாமி முனி. அதனால் சட்டியை இறக்கியதும் ரெங்கம்மா ஒரு கட்டி சூடத்தைப் பொடித்து உருகிய மெழுகில் போடுவாள். அது முனி பங்கு.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் அவள் புருஷன் மாரிசாமி விறகுக்குப் போனவர் திரும்பவில்லை. பன்றிக்கு யாரோ கம்பி இழுத்துக் கட்டிவைத்த துவக்கு வெடித்து வயிற்றில் குண்டு பட்டிருந்தது. போலீஸ் வந்தபோது துவக்கைக் காணோம். பாதையோரம் அவருடைய செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. அவர் கிடந்த புதரில் சூட வாசம். காட்டில் சூடம் மணந்தால் முனி நிற்கிறார் என்று அர்த்தம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட வேண்டும். முனிதான் கூப்பிட்டு எடுத்துக்கொண்டார் என்று லயத்து வீடெல்லாம் பேசியது.

தான் கொடுத்த பங்கு குறைந்துவிட்டதோ என்று ரெங்கம்மா செத்துச் செத்துப் பிழைத்தாள். கொழுந்து மலையில், வீட்டுக் காம்பராவுக்குள், எங்கே நின்றாலும் சூடம் மணந்தது. புருஷன் வாசற்படியில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். "இன்னும் எம்புட்டு வேணும்னு முனிகிட்ட கேட்டுச் சொல்லுங்க, குடுத்துர்றேன்" என்று வெறும் படியிடம் அழுவாள்.

மாசியில் பிச்சைமுத்து மறுபடி அடையோடு வந்தான். மாமா போனதிலிருந்து அக்காவுக்கு விறகு பிளந்து, அரிசி வாங்கிப் போட்டுத் தாங்குகிறவன் அவன்தான். ரெங்கம்மா சட்டியை இறக்கிவைத்துச் சூடத்தை எடுத்தாள்.

"இந்தவாட்டி சூடம் போடாதக்கா."

"ஏண்டா?"

"பன்னி மோப்பம் புடிச்சிருது. கிட்டவே வர..."

பேச்சு பாதியில் நின்றது. மெழுகைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் துவக்கில் பூசினால் மழைக்குத் துருப்பிடிக்காது என்பது லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். கூடப்பிறந்தவனைச் சந்தேகப்படத்தான் தெரியவில்லை.

"அக்கா, மாமா அந்தப் பக்கம் வருவாருன்னு நான் நெனக்கவே இல்லக்கா."

சூடக் கட்டி ரெங்கம்மாவின் கையிலேயே இருந்தது.

"பன்னிக்கு வெலகிப் போகத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "ஒங்க மாமா செருப்பக் கழட்டிட்டுக் கும்பிடப் போனாருடா."

அடுப்புச் சூட்டில் அவள் விரல்களிலிருந்து வாசம் கிளம்பிக் காம்பரா முழுக்க நிறைந்தது. வாசற்படிப் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவரைக் கூப்பிட்டது இந்தக் கைதான்.