எண்ணெயில் பிரிந்த அதிரசம்

1

இப்போதெல்லாம் தசராவுக்கு ஒரு வீட்டுக்குப் போனால் அட்டைப்பெட்டியை நீட்டுகிறார்கள். கடைக்காரன் கட்டின நூலைக்கூட அவிழ்ப்பதில்லை. கேட்டால் நேரமில்லையாம். டிவி முன்னால் உட்கார மட்டும் இருக்கிறது. மைசூர் மண்டி மொஹல்லா வெல்லக் கடையில் நின்று இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்தில் நின்ற கெம்பம்மா இந்தக் கதையைச் சொன்னாள். எல்லாம் நிஜமா என்று கேட்காதீர்கள். எனக்கே சந்தேகம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "மின்விளக்குகளில் மைசூர் தங்கமாய் ஜொலிக்க, நாச்சம்மாளின் உள்ளத்தில்..."

அடித்துவிட்டேன். அவள் உள்ளத்தில் அப்போது எண்ணெய்ச் சட்டிதான் இருந்தது.

2

நாச்சம்மாள் கொள்ளேகால்காரி. புருஷனுக்கு மில்லில் வேலை கிடைத்து மைசூருக்கு வந்தவள். கெம்பம்மா அடுத்த வீட்டுக் கன்னடக்காரி. தசரா வந்தால் இருவரும் சேர்ந்துதான் அதிரசம் சுடுவார்கள். (கெம்பம்மா கஜ்ஜாயம் என்பாள். பண்டம் ஒன்றுதான்.)

அந்த வருஷம், யானை ஊர்வலம் பார்க்கிற சாக்கில், நாச்சம்மாளின் மகள் மீனாவைப் பெண் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பையனின் அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றாள். முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் மணல்போலப் பிரிந்தது. அடுத்ததும் அப்படியே.

"மாவு இளகிருக்கு அக்கா. இன்னும் கொஞ்சம் அரிசி மாவு போடு," என்றாள் கெம்பம்மா.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ சட்டியவே முறைச்சுப் பாத்துட்டு நின்னா எப்படி வரும்? உன்ற கண்ணு அப்படி!"*

"ஆமாங்க, சில பேரு கண்ணு அப்படித்தானுங்க," என்றாள் பையனின் அம்மா.

கெம்பம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆய்த்து அக்கா. நல்லா இருங்க எல்லாரும்."

அவள் போனதும் நாச்சம்மாள் மாவு சேர்த்துப் பிசைந்தாள். அடுத்த அதிரசம் முழுசாக எழும்பி வந்தது.

"பாத்தீங்களா? அவ போனதும் வந்துருச்சு!" என்று பையனின் அம்மா கைதட்டினாள்.

நாச்சம்மாள் அடுத்ததைத் தட்டி எண்ணெயில் போட்டாள்.

* அதிரசம் பிரிந்தால் மாவையோ பாகையோ குறை சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நிற்கிறவர் கண்ணைத்தான் சொல்வோம். செலவில்லாத சமாதானம்.

3

நாச்சம்மாள் தட்டில் நாலைந்தை எடுத்துக்கொண்டு கொல்லைவாசல் வரை வந்துவிட்டாள். கெம்பம்மா வீட்டுக் கதவு எட்டும் தூரம்.

"எங்க கொண்டு போறீங்க?" என்று உள்ளிருந்து பையனின் அம்மா குரல்.

போனால், கண் இல்லை, மாவுதான் என்று வந்தவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டதாகும். மீனாவின் சம்பந்தம் என்ன ஆகும்? போகாவிட்டால் கெம்பம்மா இனி இந்தப் படி ஏற மாட்டாள்.

ஒரு முடிவு எழுதினேன். கெம்பம்மா கதவைத் திறந்து, சிரித்து, ஒன்றைக் கடித்து... வேண்டாம். மனுஷர்கள் அப்படி இல்லை.

இன்னொன்று: கெம்பம்மா தட்டைத் தட்டிவிட... இதுவும் பொய். அவள் பண்டத்தை வீணாக்குகிறவள் இல்லை.

வெல்லக் கடையில் கெம்பம்மா சொன்னது இவ்வளவுதான்: "அன்னிக்கு நானு தாப்பாளே போடல்ல, சாமி. சும்மா சாத்தி வெச்சிருந்தேன்."

அப்புறம் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பாமலே போயிருப்பேன்.

நாச்சம்மாள் தட்டோடு அங்கேயே நிற்கிறாள். அவளை நாலடி நடக்கவைக்க உங்களால் முடிந்தால் செய்துகொள்ளுங்கள். அவள் போவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் கிளம்புகிறேன்.