பிறந்த வீட்டுக் கோடி

அம்மாவின் தலைமுடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சரண்யா துண்டால் ஒற்றி எடுத்தாள். ஆழ்வார்பேட்டை ஃப்ளாட்டின் ஹாலில் எல்லோரும் ராஜரத்தினம் மாமாவுக்காகக் காத்திருந்தார்கள். அம்மாவின் அண்ணன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவர் கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் உடலை எடுக்க முடியும்.

"கோடி வெள்ளையாத்தான் இருக்குமா அத்தை?"

"தாலி இல்லாதவளுக்கு வேற என்ன வரும்? எங்கண்ணன் போயி எத்தன வருசமாச்சு" என்றாள் பொன்மணி அத்தை. அவளும் புருஷனை இழந்தவள்தான். அவள் கட்டியிருந்ததும் வெளிறிய சேலைதான்.

வெள்ளை வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லப் போனை எடுத்த சரண்யா, எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கீழே வைத்தாள்.

தீபாவளிக்குத் தீபாவளி அம்மா அவளைத் தி.நகரில் மாமாவின் கடைக்குக் கூட்டிப்போவாள். ஆட்களை விலக்கிவிட்டு மாமாவே பட்டுச் சேலைகளை விரித்துப் போடுவார். அம்மா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாள். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வாள். விரித்ததையெல்லாம் மாமாவே மடித்து வைப்பார். அடுத்த வருடமும் விரிப்பார். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிச் சரண்யா கேட்டதில்லை.

"வண்டிக்காரரு கேட்டுகினே கீறாரு. இன்னா சொல்லட்டும்மா?" என்று வீட்டு வேலைக்கு வரும் கங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னாலேயே மாமா வந்தார். யாரையும் பார்க்காமல் பொட்டலத்தைப் பிரித்தார்.

கிளிப்பச்சைப் பட்டு. அரக்கு பார்டர்.

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றாள் அத்தை.

"கடையில இதான் இருந்துச்சு."

"மூணு மாடிக் கடையிலயா?"

மாமா சேலையின் ஒரு முனையைச் சரண்யாவிடம் நீட்டினார். இருவரும் விரித்து அம்மாவைப் போர்த்தினார்கள். அவர் சரண்யாவைப் பார்க்கவில்லை. அவளும் நிமிரவில்லை.

அத்தை குனிந்தாள். எடுத்துவிடப் போகிறாள் என்று சரண்யா பயந்தாள். அத்தை பார்டரை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"சாயம் போகுமா அண்ணாச்சி?"

"எத்தன தடவ துவைச்சாலும் போகாது" என்றார் மாமா, கடையில் சொல்வது போலவே.

அத்தை தலையாட்டினாள். அம்மாவின் காலடியில் மடங்கிக் கிடந்த பார்டரை நீவிச் சரிசெய்தாள். பிறகும் கையை எடுக்கவில்லை.