இரு திசையிலும் ஒலித்தது

1

ஏப்ரல் 16, வியாழன். நேற்றைய பதிவில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது.

விஸ்மா தன் குறிப்பேட்டில் இன்று எழுதியது இந்த ஒரு வரிதான். கதை பிறந்த இடமும் அதுவே. சல்துஸ் ஊர் நூலகத்தில் நடக்கும் மாலை நேரக் கதை வகுப்பில் வீட்டுப்பாடம்: நாட்குறிப்பின் ஒரு பக்கத்தைக் கதையாக்க வேண்டும், 'நான்' வரக்கூடாது. வரி வரியாக 'நானை' 'அவளாக' மாற்றிக்கொண்டு வந்தவள் ஐந்தாவது வரியில் நின்றுவிட்டாள்.

"எண் 84. ஆழம் இருபத்தைந்து சென்டிமீட்டர். இரு திசையிலும் ஒலித்தது."

2

(முதல் தொடக்கம், கைவிட்டது.) பிர்ச் மரங்களில் சாறு ஊறும் பருவத்தில், ஒரு பெண் மண்ணின் குரலைக் கேட்க

மண்ணுக்கு ஏது குரல்? கருவிக்குத்தான் உண்டு.

(இரண்டாவது.) மெட்டல் டிடெக்டர் வாங்கிய மூன்று வாரத்தில் விஸ்மா கற்றது இவ்வளவு: ஆணி உறுமும். பீர் மூடி விக்கும். பழைய வெள்ளி நாணயம் கீச்சென்று சுத்தமாகக் கூவும், திரையில் எண்பதுக்கு மேல் எண் காட்டும், கருவியை எந்தப் பக்கமிருந்து வீசினாலும். ஆனால் நீளமான பெரிய இரும்பும் ஒரு பக்கமிருந்து வெள்ளி மாதிரியே கூவக்கூடும். தொண்ணூறு பாகை திரும்பி நின்று குறுக்கே வீசினால்தான் பெரும்பாலும் குட்டு உடையும்.

இது நிற்கட்டும்.

3

வயல் இல்க்வார்ஸுடையது. நேற்று அவர் இரண்டு வாளி பிர்ச் சாற்றைத் தூக்கிக்கொண்டு வரப்போரமாக வந்தார்.

"என்ன விஸ்மா, இன்னிக்கும் பீர் மூடிதானா? சேத்து வச்சா ஒரு கூரை போட்டுடலாம் போல."

"இல்லண்ணே, இது வேற. கேளுங்க."

கீச்.

"அட, குருவி!" வாளிகளைக் கீழே வைத்தார். பிறகு சிரிப்பில்லாமல் கேட்டார். "இரும்பு ஒண்ணும் இல்லையே? போன வருஷம் பக்கத்து வயல்ல கலப்பைல வெடிக்காத ஷெல் குண்டு மாட்டுச்சு. போர் முடிஞ்சு எத்தனை காலமாச்சு, அதுங்களுக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லல."

"இல்லண்ணே. வெள்ளிதான்."

"அப்ப ஏன் தோண்டி முதுகை ஒடிச்சுக்கற? நாளன்னிக்கு உழறேன், கலப்பையே மேல கொண்டாந்து போடும். மழை வருது. வா, சாறு குடி."

ஒலித்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போனாள். வழியில், கருவியை விற்ற ராய்விஸின் போன்.

"குறுக்க வீசிப் பாத்தியாடி?"

"பாத்தேன்."

பார்க்கவில்லை. வாயில் வந்ததைக் குறிப்பேடும் அப்படியே வாங்கிக்கொண்டது.

[இல்க்வார்ஸ் மேல் ஒரு சந்தேகம். ரொம்ப நல்லவராக இருக்கிறார், வகுப்பில் குறை சொல்வார்கள். கொஞ்சம் கஞ்சனாக்கிப் பார்த்தாள். ஆனால் நாளை டிராக்டரில் உட்காரப்போவது இந்த நல்லவர்தான்.]

4

முடிவுகள்.

அ. கலப்பை பழைய ஐந்து லாட் வெள்ளிக்காசு ஒன்றைப் புரட்டிப் போடுகிறது. அவர் அதை எச்சில் தொட்டுத் துடைக்கிறார். நாணயத்தில் ஒரு பெண்ணின் தலை.

ஆ. துருப்பிடித்த பழைய கலப்பைக் கொழு. "உன் வெள்ளிய வச்சு உழலாம் போலிருக்கே" என்று ஒரு வருஷம் கேலி செய்கிறார்.

இ. காலை ஏழு மணி. மூன்றாவது உழவுச் சாலில் டிராக்டர் அந்தக் குச்சிக்குப் பக்கத்தில்

பேனாவை வைத்துவிட்டுப் போன் செய்தாள்.

"அண்ணே, நாளைக்கு எத்தன மணிக்கு உழறீங்க?"

"ஏழு. ஏன், உன் காசு வெளிய வரும்போது பேண்டு வாசிக்க ஆள் கூட்டிட்டு வரியா?"

"சும்மா கேட்டேன்."

5

வீட்டுப்பாடம் இங்கே கெடுகிறது.

'அவள் குறுக்கே வீசவில்லை' என்று எழுதினால் அது யாரோ ஒருத்தி. நான் வீசவில்லை. மழை காரணமில்லை. வீசினால் குரல் மாறிவிடுமோ என்று பயந்தேன். வெள்ளியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாசிக்கிறவர்களே, மேலே உள்ள மூன்று முடிவுகளில் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றும் ஒரே பக்கமிருந்து கேட்ட ஒலியை வைத்து எழுதியவை. போனிலும் சொல்ல முடியவில்லை. மறுபடி கூப்பிட்டால் மறுபடி 'சும்மா' என்பேன்.

நாளை: ஐந்தரைக்குச் சைக்கிளில் கிளம்ப வேண்டும். முதலில் வயல் இல்லை, அவர் வீட்டுக் கதவு. "குறுக்க வீசிப் பாக்கலண்ணே, வெள்ளின்னு நான் சொன்னத நம்பிதான் நீங்க உழப்போறீங்க" என்று சொல்ல வேண்டும். பிறகு வடக்கு தெற்காக வீச வேண்டும். உறுமினால் தோண்டக் கூடாது. விலகி வந்து அவசர எண் 112-க்குப் போன்.