எரியத்தான் செய்யும்

பெங்களூர் பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் பதினெட்டு வருஷம் தையல் மெஷின் ஓட்டிய முத்தம்மாவின் வலது புறங்கை பூரி மாதிரி உப்பிச் சிவந்திருந்தது. புற்றுக்குக் கொடுக்கும் அந்தச் சிவப்பு மருந்து நரம்பை விட்டுக் கசிந்தால் சதையைத் தின்றுவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்து, நரம்பைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். பதினோரு நோயாளிக்கு ஒரே நர்ஸ் என்றால் யார் பக்கத்தில் உட்காருவது? அடுத்த கட்டிலில் ஒருவர் வாந்தியெடுக்க, நர்ஸ் ஷோபா எழுந்து ஓடினாள். திரும்புவதற்குள் கை வீங்கிவிட்டது.

மருந்தை நிறுத்தினாள். ஊசியைப் பிடுங்காமல் அதன் வழியாகவே முடிந்தமட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஐஸ் வைத்தாள்.

“எரிஞ்சா கூப்பிட வேணாமாம்மா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

முத்தம்மா மிரண்டாள். “போன தடவ எரியுதுன்னேன். ‘கீமோன்னா எரியத்தான் செய்யும், சும்மா கத்தாதீங்க’ன்னு எல்லார் எதிர்லயும் சொன்னீங்களே சிஸ்டர். அதான் பல்லக் கடிச்சுட்டு இருந்தேன்.”

மருந்து கசிந்தால் நிரப்ப வேண்டிய ஃபாரத்தோடு இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். எரிச்சல் இருப்பதாக நோயாளி சொன்னாரா என்று அதில் ஒரு கேள்வி.

“இல்லைன்னு போடு ஷோபா. நம்ம மேல வராது.”

ஷோபா ‘இல்லை’ என்று போட்டாள். சத்தியமாக அது பொய்யில்லை.

கீழே நோயாளி கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரிந்த முத்தம்மா, பேனா பிடிக்க முடியாத வலது கையை ஐஸிலேயே விட்டு, மைப்பெட்டிக்கு இடது கைக் கட்டைவிரலை நீட்டினாள்.